முன்னால் உட்கார்ந்தவன்

கதை எழுதுகிறவனுக்கு வரும் கடிதங்களில் பாராட்டுக் கடிதங்கள் சீக்கிரம் மறந்துபோகும். திட்டுக் கடிதங்கள் இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு அப்புறம் மறந்துபோகும். பாராட்டும் இல்லாமல் திட்டும் இல்லாமல், "நீங்கள் எழுதியது தப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும் கடிதம் இருக்கிறதே, அதுதான் மறக்காது. சூலூரிலிருந்து எனக்கு அப்படி ஒரு போஸ்ட் கார்டு வந்தது.

அப்போது ஒரு வாரப் பத்திரிகையில் என் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. குடகில் ஒரு காப்பித் தோட்டம். அதற்கு ஒரு வெள்ளைக்காரத் துரை. அவருடைய ஒரே பிள்ளை 1914ஆம் வருஷத்து யுத்தத்தில் விமானியாகச் சேர்ந்து பிரான்ஸில் இறந்துபோகிறான். தோட்டத்தை நம்பிப் பிழைத்த குடும்பங்களைப் பற்றித்தான் கதை. விமானம் அதில் ஒரே ஒரு அத்தியாயம். பிள்ளை சாகவேண்டும், துரை மனசு உடைந்து தோட்டத்தை விற்கவேண்டும், எனக்குத் தேவைப்பட்டது அவ்வளவுதான். ஒரு பழைய படப் புத்தகத்தைப் புரட்டி, பி.இ.2சி என்ற பெயருள்ள இரட்டை இறக்கை விமானத்தைப் பொறுக்கி எடுத்தேன். பார்க்க லட்சணமாக இருந்தது. பையனை அதில் ஏற்றிவிட்டேன். பின் ஆசனத்தில் துப்பாக்கியுடன் ஒரு சிநேகிதனையும் உட்கார வைத்தேன். ஜெர்மானிய விமானம் துரத்துகிறது. சிநேகிதன் சுடுகிறான், சுடுகிறான், குண்டு தீர்ந்துபோகிறது. சாவுக்கு ஒரு காரணம் வேண்டுமே? விமானத் தொழிற்சாலைத் தலைவர் லஞ்சம் வாங்கிக்கொண்டு மட்டமான யந்திரங்களை ராணுவத்தின் தலையில் கட்டினார் என்று எழுதினேன். அந்த வாரம் பத்திரிகை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, "அத்தியாயம் பிரமாதம்" என்றார்.

போஸ்ட் கார்டில் இப்படி இருந்தது: "தங்கள் கதையில் 14ஆம் அத்தியாயம் படித்தேன். பி.இ.2சியில் பைலட்தான் பின்னால் உட்காருவான். அப்சர்வர் முன்னால். அவனால் பின்பக்கம் சரியாகச் சுட முடியாது. ஆகையால் தாங்கள் எழுதியபடி நடந்திருக்க முடியாது. தொழிற்சாலைத் தலைவர் லஞ்சம் வாங்கவில்லை. மற்றபடி கதை நன்றாகப் போகிறது."

கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. என் மனைவி அதை வாங்கிப் படித்துவிட்டு, "யாரோ வாத்தியார் போலிருக்கிறது" என்றாள். வாத்தியார் இல்லை. விமானப் படையில் முப்பது வருஷம் இறக்கைகளையும் உடற்பகுதியையும் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். அடுத்த மாதம் கோயமுத்தூரில் ஒரு கூட்டத்துக்குப் போக நேர்ந்தபோது, பஸ் ஏறிச் சூலூருக்குப் போய் அவரைப் பார்த்தேன். சண்டை போடத்தான் போனேன் என்று இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. கதைக்கு நாற்காலி முன்னால் இருந்தால் என்ன, பின்னால் இருந்தால் என்ன?

"வாங்க, வாங்க. கார்டு போட்டதுல கோவமுங்களா?" என்றார். எழுபதைத் தாண்டிய மனிதர். மேஜைமேல் தாமே மூங்கில் குச்சியும் மெல்லிய துணியும் வைத்துச் செய்த அந்த விமானத்தின் பொம்மை இருந்தது. நான் அவரை "ஐயா" என்று கூப்பிட, அவர் என்னை "சார்" என்று கூப்பிட, சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொடங்கிய பேச்சு கடைசி பஸ் போகிறவரை நீண்டது. அவர் சொன்னதில் பாதி. அதற்கப்புறம் ஒரு வருஷம் புத்தகங்களைத் தேடி நான் தெரிந்துகொண்டது பாதி.

இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ என்ற ஊரில் ராணுவத்துக்குப் பலூன் தைத்துக் கொடுக்கும் சர்க்கார் தொழிற்சாலை ஒன்று இருந்தது. 1909இல் அதற்குத் தலைவராக மெர்வின் ஓகார்மன் என்ற என்ஜினீயர் வந்தார். ஒற்றைக் கண்ணாடி அணிகிற மனிதர். அடுத்த வருஷக் கடைசியில் ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் என்ற இளைஞர் வேலைக்குச் சேர்ந்தார். தாமே ஒரு விமானம் கட்டி, அதைத் தாமே ஓட்டக் கற்றுக்கொண்டவர். இரண்டு பேருக்கும் விமானம் கட்ட ஆசை. ஆனால் தொழிற்சாலைக்கு அந்த அதிகாரம் கிடையாது. பழுது பார்க்கலாம், புதிதாகக் கட்டக்கூடாது. அந்தச் சமயத்தில் ஒரு பிரபு ராணுவத்துக்கு நன்கொடையாகக் கொடுத்த வுவாஸன் என்ற பிரெஞ்சு விமானம் பழுது பார்க்க வந்து சேர்ந்தது. பழைய வீட்டுக்கு மராமத்து என்று அனுமதி வாங்கிக்கொண்டு, வாசல் நிலையை மட்டும் விட்டுவைத்து மாடி வீடு கட்டுகிற சாமர்த்தியம் நம்மூருக்கு மட்டும் சொந்தமில்லை. மராமத்து முடிந்தபோது பழைய விமானத்தில் மிஞ்சியது என்ஜினும், அதைக் குளிர்விக்கிற ரேடியேட்டரும்தான். மற்றதெல்லாம் புதிது! 1911 டிசம்பரில் பறந்த அதற்கு பி.இ.1 என்று பெயர். 1912 பிப்ரவரி முதல் தேதி, 60 குதிரைச் சக்தி ரெனோ என்ஜினுடன் பி.இ.2 பறந்தது.

"ரிப்பேர்லயே பொறந்ததுங்க" என்று பெரியவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் தொழில் அபிமானம் இருந்தது.

அந்த ஆகஸ்டில் ஸாலிஸ்பரி சமவெளியில் ராணுவத்துக்கு விமானம் தேர்ந்தெடுக்க ஒரு போட்டி நடந்தது. ஓகார்மன் நீதிபதிகளில் ஒருவர். ஆகவே அவருடைய தொழிற்சாலை விமானம் போட்டியில் சேர முடியாது. சேராமலே சும்மா பறந்து காட்டினார்கள். ஆகஸ்டு 12ஆம் தேதி டி ஹாவிலண்ட் ஒரு ராணுவ அதிகாரியை ஏற்றிக்கொண்டு 10,560 அடி உயரம் ஏறினார். பிரிட்டனில் அதற்குமுன் யாரும் அவ்வளவு உயரம் போனதில்லை. பரிசு கோடி என்பவருடைய விமானத்துக்குப் போயிற்று. ராணுவம் வாங்கிக் குவித்ததென்னவோ பி.இ.2ஐ. தனியார் விமானக் கம்பெனிக்காரர்கள் தொழிற்சாலைமீது வைத்த வயிற்றெரிச்சல் அன்று ஆரம்பமாயிற்று. அது லேசான எரிச்சல் அல்ல என்பது பின்னால் தெரிந்தது.

அடுத்தபடியாக எட்வர்ட் பஸ்க் என்ற கேம்பிரிட்ஜ் பட்டதாரியைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்தக் காலத்து விமானம் ஒரு முரட்டுக் குதிரை. ஒரு நிமிஷம் கையை எடுத்தால் கவிழ்ந்துவிடும். காற்று தள்ளினால் தானாகவே நிமிர்ந்துகொள்ளும் விமானத்தை உண்டாக்க முடியுமா என்று பஸ்க் கணக்குப் போட்டார். கணக்குப் போட்டதோடு நிற்காமல் பறக்கவும் கற்றுக்கொண்டு, ஆகாயத்திலேயே அதைச் சோதித்தார். மேல் இறக்கையைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, இரண்டு இறக்கைகளின் நுனிகளையும் சற்று மேல்நோக்கித் தூக்கி, வால் பகுதியை மாற்றி அமைத்தார்கள். இறக்கையையே முறுக்கித் திருப்புகிற பழைய முறையை விட்டு, இறக்கையின் ஓரத்தில் அசையும் மடல்களை வைத்தார்கள். அதுதான் பி.இ.2சி. 1914 ஜூனில் மேஜர் பிராங்கர் என்பவர் ஃபார்ன்பரோவிலிருந்து சுமார் 40 மைல் தூரம் அதில் போனார். 2,000 அடி ஏறியபின் இறங்குகிற நேரம்வரை கைப்பிடியைத் தொடவே இல்லையாம். கீழே தெரிந்த ஊர்களையும் ரஸ்தாக்களையும் பற்றி வழி நெடுக அறிக்கை எழுதிக்கொண்டே போயிருக்கிறார். அந்த நாளில் ராணுவம் விமானத்திடம் வேண்டியது அதுதான்: மேலே போ, சத்துரு எங்கே இருக்கிறான் என்று பார், எழுதிக்கொண்டு வா. ஆகாயத்தில் சண்டை என்பது அப்போது யாரும் கண்டதில்லை.

பெரியவர் பொம்மையைக் கையில் எடுத்து இலேசாகச் சாய்த்துக் காட்டினார்.

"எங்க அப்பாருகிட்ட ஒரு மாடு இருந்துச்சுங்க. சந்தையிலிருந்து திரும்பறப்ப அவரு வண்டியிலயே தூங்கிடுவாரு. மாடு பாட்டுக்கு வீடு வந்து சேரும். அந்த மாதிரி வச்சுக்குங்க இதை."

"நல்ல மாடுதானே?" என்றேன்.

"நல்ல மாடுதானுங்க. ஆனா எதிர்ல லாரி வந்தா? நீங்க கயித்தை இழுப்பீங்க. அது தன் தடத்தைத்தான் புடிச்சுட்டுப் போகும்."

பஸ்க் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1914 நவம்பர் 5ஆம் தேதி தாம் உருவாக்கிய அதே ஜாதி விமானத்தில் பறந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்து, ஃபார்ன்பரோ பக்கத்திலேயே இறந்துபோனார்.

யுத்தம் தொடங்கிய சமயம் பி.இ.2வுக்கு நல்ல காலம். 1914 ஆகஸ்டு 13ஆம் தேதி இங்கிலீஷ் கால்வாயைக் கடந்து பிரான்ஸில் முதலில் இறங்கிய பிரிட்டிஷ் ராணுவ விமானம் ஒரு பி.இ.2ஏ. 19ஆம் தேதி முதல் ஒற்றுப் பார்வைக்குப் போன இரண்டு விமானங்களில் ஒன்று பி.இ.2பி. இரண்டுமே வழி தவறிவிட்டன என்பது வேறு விஷயம். 1915 ஏப்ரல் 26இல் ரோட்ஸ் மூர்ஹவுஸ் என்ற விமானி தனியாகப் போய், கோர்ட்ரே ரயில் நிலையத்தின்மேல் வெகு தாழ்வாக இறங்கிக் குண்டு போட்டார். வயிற்றிலும் தொடையிலும் கையிலும் காயம். வழியில் இறங்கிச் சரணடைந்திருக்கலாம். 35 மைல் திரும்பி வந்து, அறிக்கை கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். மறுநாள் இறந்தார். விமானிக்கு விக்டோரியா சிலுவை கிடைத்தது அதுதான் முதல் தடவை. கைக்குழந்தையாக இருந்த அவருடைய மகன், பின்னால் தானும் போர் விமானியாகி 1940 செப்டம்பரில் லண்டனைக் காக்கும் சண்டையில் இறந்தான். தகப்பனுக்குப் பக்கத்திலேயே மகனையும் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

நம் பக்கமும் அது வந்தது. 1915 டிசம்பரில் 31ஆம் ஸ்குவாட்ரன் பம்பாயில் வந்து இறங்கி, வடமேற்கு எல்லைக்குப் பி.இ.2சிகளைக் கொண்டுபோயிற்று. அதே குளிர்காலத்தில் மெசபடோமியாவில் கூட் நகருக்குள் பிரிட்டிஷ் படையோடு ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்களும் முற்றுகையில் அகப்பட்டுக்கொண்டார்கள். 1916 ஏப்ரலில் அவர்களுக்கு ஆகாயத்திலிருந்து மூட்டை மூட்டையாய்த் தானியம் போட்ட விமானங்களில் இதுவும் உண்டு. போட்டது போதவில்லை. ஏப்ரல் 29ஆம் தேதி கூட் விழுந்தது.

இனி நாற்காலி விஷயத்துக்கு வருகிறேன்.

ஏன் அப்சர்வர் முன்னால் உட்கார்ந்தான்? கேட்டால் நியாயமான பதில் இருக்கிறது. குண்டு ஏற்றினால் ஆள் ஏற்ற முடியாது. என்ஜினுக்கு அவ்வளவு சக்தி இல்லை. ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் விமானத்தின் பாரம் ஒரே நிலையில் இருக்கவேண்டுமானால், அவனுடைய ஆசனம் நட்ட நடுவில், இறக்கைகளுக்கு அடியில் இருக்கவேண்டும். பைலட் பின்னால். கணக்குப்படி அழகான ஏற்பாடு. ஆனால் முன்னால் இருந்தவனைச் சுற்றி என்ன இருந்தது? தலைக்குமேல் ஓர் இறக்கை, இரண்டு பக்கமும் மரக்கால்கள், குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள், எதிரே சுழலி, முதுகுக்குப் பின்னால் தன் பைலட்டின் முகம். பறவைக் கூண்டுக்குள் உட்கார்ந்து துப்பாக்கி சுடுவது போல. துப்பாக்கியை ஒரு தாங்கியிலிருந்து கழற்றி இன்னொரு தாங்கியில் மாட்டி, ஆசனத்தில் எழுந்து நின்று, பைலட்டின் தலைக்கு மேலாகப் பின்னோக்கிச் சுடவேண்டும். குளிரில் விறைத்த விரல்களோடு!

1915 கோடையில் ஜெர்மானியர்களிடம் ஃபாக்கர் விமானம் வந்தது. சுழலியின் இதழ்களுக்கு இடையே குண்டு பாயும்படி துப்பாக்கியையும் என்ஜினையும் இணைத்திருந்தார்கள். விமானத்தையே துப்பாக்கி மாதிரிக் குறி பார்க்கலாம். ஆகஸ்டு முதல் தேதி மாக்ஸ் இம்மல்மன் அதில் ஏறித் தம் முதல் விமானத்தை வீழ்த்தினார். வீழ்ந்தது ஒரு பி.இ.2சி. பைலட் ரீட் என்பவர். குண்டு ஏற்றியிருந்ததால் அப்சர்வரே இல்லை. கையில் குண்டடி பட்டு, ஒற்றைக் கையால் ஓட்டி எப்படியோ தரையிறங்கினார். இம்மல்மனும் பக்கத்திலேயே இறங்கி அவரைச் சிறைபிடித்தார். பிறகு வைத்தியருக்கு ஏற்பாடு செய்தார். இந்தச் சம்பவத்தில் மட்டும் எனக்கு யார்மேலும் கோபம் வரவில்லை.

அதற்குப்பின் அந்தக் குளிர்காலம் முழுவதும் பி.இ.2சி வேட்டைக்குரிய மிருகம் ஆயிற்று. மணிக்கு 72 மைல் வேகம். 10,000 அடி ஏற முக்கால் மணி நேரம். வேகமும் இல்லை, ஏற்றமும் இல்லை என்பதோடு, கைகளை எடுத்தாலும் நேராகப் பறக்கிற அந்தப் பிரசித்தமான குணம் வேறு. தப்பிக்கப் பைலட் உதறித் திருப்பினால் விமானம் சாவதானமாக நேர்ப்பாதைக்குத் திரும்பப் பார்க்கும். ஓர் ஒற்று விமானம் போனால் குறைந்தது மூன்று விமானமாவது காவலுக்குப் போகவேண்டும் என்று 1916 ஜனவரியில் உத்தரவு போட்டார்கள்.

மார்ச்சில் பார்லிமெண்டில் பெம்பர்ட்டன் பில்லிங் என்ற அங்கத்தினர் எழுந்து, நம் விமானிகள் யுத்தத்தில் சாகவில்லை, கொலை செய்யப்படுகிறார்கள் என்கிற அர்த்தத்தில் பேசினார். அவரே முன்பு விமானக் கம்பெனி நடத்தியவர். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. கமிட்டிகள் உட்கார்ந்தன. விசாரணையில் லஞ்சமோ கொலையோ வெளிப்படவில்லை. ஆனாலும் அந்த வருஷம் ஓகார்மனின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் அவர் வெளியேறினார்.

"அப்போ தப்பு யாருதுங்க?" என்று நான் பெரியவரைக் கேட்டேன். எனக்கு அது தெரிந்தாகவேண்டியிருந்தது. பதினாலாம் அத்தியாயம் அதன்மேல்தானே நிற்கிறது!

அவர் பதில் சொல்ல அவசரப்படவில்லை. உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தார். பிறகு சொன்னார்: "கட்டறப்ப சண்டைன்னு ஒண்ணு இல்லீங்க. பார்த்து எழுதறதுதான் வேலை. அதுக்கு இதைவிட நல்ல விமானம் அன்னிக்கு ஏது? சண்டை வந்தப்புறம் நிறுத்தியிருக்கலாம். ஆனா வரைபடத்தை எல்லாக் கம்பெனிக்கும் கொடுத்தாச்சு. விமானமே கட்டாதவங்க எல்லாம் கட்டிட்டிருக்காங்க. நூத்துக்கணக்கிலே ஆர்டர் நிக்குது. இதை நிறுத்தினா அடுத்தது தயாராகற வரைக்கும் என்ன பண்றது? பீரங்கிக்குக் குறி சொல்ல ஒண்ணு பறந்தாகணுமே?"

சுமார் 3,500 கட்டினார்கள். மாற்றாக வரவேண்டிய ஆர்.இ.8 தாமதமாகி, 1917 ஏப்ரலில் அராஸ் சண்டை தொடங்கியபோதுகூடப் பல படைப்பிரிவுகளில் பி.இ.2தான் இருந்தது. அந்த ஒரே மாதத்தில் பிரிட்டிஷார் சுமார் 245 விமானங்களை இழந்தார்கள். அவற்றில் பி.இ.2 எத்தனையோ. செவ்வண்ண விமானத்தில் வந்த ரிக்தோஃபனின் எண்பது வெற்றிகளில் ஒரு நல்ல பங்கு இந்த மாடு மாதிரியான விமானங்கள்தாம்.

பெரியவர் பல வார்த்தை கோபமாகப் பேசியது வேறோர் இடத்தில். ஸ்காட்லாந்தில் மாண்ட்ரோஸ் என்ற விமானதளத்தில் 1913 மே 27ஆம் தேதி டெஸ்மண்ட் ஆர்தர் என்ற ஐரிஷ் இளைஞர் பி.இ.2இல் பறந்துகொண்டிருந்தார். வலது இறக்கை ஒடிந்தது. அவர் ஆசனத்திலிருந்து தூக்கி எறியப்பட்டு விழுந்து இறந்தார். பிரித்துப் பார்த்தபோது, இறக்கை நுனியின் மரச்சட்டம் ஏற்கெனவே ஒரு தடவை ஒடிந்திருந்தது தெரிந்தது. யாரோ அதை அரைகுறையாக ஒட்டவைத்து, வெளியே தெரியாதபடி புதுத் துணி போர்த்தியிருந்தார்கள். யார் என்பது கடைசிவரை கண்டுபிடிக்கப்படவில்லை. 1916இல் மாண்ட்ரோஸ் தளத்தில் பழைய உடுப்பணிந்த விமானி ஒருவரின் ஆவி ராத்திரிகளில் நடமாடியது என்று ஒரு கதை உண்டு. ஆர்தரின் சாவைப் பற்றிய தவறான அறிக்கை திருத்தப்பட்டதும் ஆவி போய்விட்டதாம்.

"ஆவி கீவி எனக்குத் தெரியாதுங்க" என்றார். "ஆனா அந்தத் துணியைப் போர்த்தினவன் இருக்கானே... ஒடைச்சுட்டேன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பாங்க? திட்டியிருப்பாங்க. முப்பது வருஷத்துல நானும் எத்தனையோ ஒடைச்சிருக்கேன். ஒவ்வொண்ணுக்கும் புஸ்தகத்துல கையெழுத்துப் போட்டிருக்கேன். அவன் போடலை. நீங்க கதையில வில்லன் வேணும்னா அவனை எடுத்துக்குங்க சார். அவனுக்குப் பேருகூட இல்லை."

பொம்மை விமானத்தின் இறக்கையில் ஓர் இடத்தில் துணியின் நிறம் லேசாக மாறியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். ஒட்டுப் போட்ட இடம். ஒட்டு இருப்பது தெரியவேண்டும் என்றே வேறு நிறத்தில் போட்டிருந்தார்.

பகலில் உயிர் வாங்கிய விமானம் ராத்திரியில் வேறு மாதிரி இருந்தது. லண்டன்மேல் குண்டு போட வந்த ஆகாயக் கப்பல்களை இருட்டில் தேடிப் போக, தடுமாறாமல், தானாகவே நேராகப் பறக்கிற விமானம்தான் வேண்டும். 1916 செப்டம்பர் 2ஆம் தேதி இரவு பதினொரு மணி வாக்கில் லீஃப் ராபின்ஸன் என்ற இருபத்தொரு வயது லெப்டினண்ட் பி.இ.2சியில் தனியாக ஏறினார். முன் ஆசனம் காலி. மூன்று மணி நேரம் இருட்டில் அலைந்து, எஸ்.எல்.11 என்ற கப்பலைக் கண்டார். கீழிருந்தபடி மேல்நோக்கி ஒரு தட்டுக் குண்டு, ஒன்றும் ஆகவில்லை. பக்கவாட்டில் இரண்டாவது தட்டு. அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது தட்டை ஒரே இடத்தில் குறிவைத்துச் சுட்டார். கப்பல் முழுவதும் தீப்பிடித்து, கஃப்லி என்ற கிராமத்தில் விழுந்தது. லண்டன் ஜனங்கள் அர்த்தராத்திரியில் தெருவில் நின்று ஆரவாரம் செய்தார்களாம். கப்பலில் இருந்த பதினாறு பேரும் மாண்டார்கள். ராபின்ஸனுக்குச் சில நாளிலேயே விக்டோரியா சிலுவை. அதே மாதமும் அடுத்த மாதமும் இன்னும் இரண்டு கப்பல்களைப் பி.இ.2சிகள் வீழ்த்தின. அதில் ஒன்றை வீழ்த்திய விமானம் கனடாவில் ஆட்டவா கண்காட்சியில் இன்னும் இருக்கிறது.

இந்த ராபின்ஸன் எங்கே பிறந்தவர் தெரியுமா? குடகில். 1895இல், ஒரு காப்பித் தோட்டத்தில். இதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். நான் கற்பனை என்று நினைத்து உண்டாக்கிய பிள்ளை, எனக்கு வெகு காலம் முன்பே பிறந்து, என் கதையில் போலவே விமானத்தில் ஏறியிருக்கிறான். சாவு மட்டும் வேறு. 1917 ஏப்ரல் 5ஆம் தேதி அவர் புது பிரிஸ்டல் விமானங்கள் ஆறுக்குத் தலைவராகப் போனார். ரிக்தோஃபனின் கூட்டம் எதிர்ப்பட்டு நான்கு விமானங்கள் திரும்பவில்லை. அவர் சிறைப்பட்டார். யுத்தம் முடிந்து இங்கிலாந்து திரும்பி, 1918 டிசம்பர் 31ஆம் தேதி விஷ ஜுரத்தில் இறந்தார். வயது இருபத்து மூன்று. இதைக் கதையில் எழுதினால் ஆசிரியர் ஒப்புக்கொள்ளமாட்டார். "இவ்வளவு செய்த பையன் ஜுரத்திலா சாகிறது?" என்பார்.

ஓகார்மனைப் பற்றியும் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. வர்ணப் புகைப்படக் கலை குழந்தையாக இருந்த காலத்தில், 1913இல், அவர் கடற்கரையில் ஓர் இளம் பெண்ணைப் படம் எடுத்திருக்கிறார். சிவப்பு உடை, அவிழ்ந்த கூந்தல், பின்னால் சாம்பல் நிறக் கடல். பி.இ.2 வளர்ந்துகொண்டிருந்த அதே வருஷம். சனிக்கிழமை ஃபார்ன்பரோவிலிருந்து கிளம்பிப் போய் எடுத்தாரோ என்னவோ. அந்தப் படத்தைப் பார்த்தபிறகு என் பதினாலாம் அத்தியாயத்து லஞ்சக்காரனுக்கு அவருடைய ஒற்றைக் கண்ணாடியை மாட்ட என் கை வரவில்லை.

கதை புத்தகமாக வந்தபோது அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதினேன். நாற்காலியை மாற்றினால் போதும் என்றுதான் ஆரம்பித்தேன். மாற்றியவுடன் எல்லாமே மாறிவிட்டது. சிநேகிதன் இப்போது முன்னால் இருக்கிறான். ஜெர்மானியன் பின்னாலிருந்து வருகிறான். பைலட்டால் திரும்பிப் பார்க்க நேரமில்லை. எழுந்து நின்று பின்பக்கம் பார்க்கிற சிநேகிதனின் முகம் மட்டும் அவன் கண்ணுக்கு எதிரே இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் என்ன வருகிறது என்பதை அவன் அந்த முகத்தில்தான் பார்க்கவேண்டும். துப்பாக்கி சத்தத்தையெல்லாம் வெட்டிவிட்டேன். லஞ்சத்தையும் வெட்டிவிட்டேன். பிள்ளை செத்த பிறகு துரை லண்டனுக்குக் கடிதம் எழுதுகிறார், இன்னொன்று எழுதுகிறார், யாருடைய குற்றம் என்று கேட்கிறார். மரியாதையான பதில்கள் வருகின்றன. அவ்வளவுதான்.

பதிப்பாளருக்குத் திருப்தி இல்லை. தொடர்கதையில் இருந்த விறுவிறுப்பு புத்தகத்தில் இல்லையென்று மதுரையிலிருந்து ஒரு வாசகரும் எழுதினார். சூலூருக்கு ஒரு பிரதி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துப் போஸ்ட் கார்டு வந்தது, அதே அச்சடித்த கையெழுத்தில்:

"புத்தகம் கிடைத்தது. ஆசனம் சரி. 162ஆம் பக்கத்தில் என்ஜின் 70 குதிரைச் சக்தி என்று இருக்கிறது. ஆரம்பத்தில் வந்த பி.இ.2சிகளுக்குத்தான் 70. தங்கள் பையன் 1916 ஜனவரியில் பறக்கிறான். அப்போது 90. அடுத்த பதிப்பில் திருத்தவும்."